குடலை இட்லியும் கொல்லைப்புற மூங்கிலும்

'வீட்டுத் தோட்டத்தில் மூங்கில் வைக்கலாமா? வேர் பரவிச் சுவரை உடைத்துவிடும் என்கிறார்களே?' கேள்வி-பதில் பகுதிக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. இதற்கான பதிலைப் போன மழைக்காலத்துக்கு முன்பு காஞ்சிபுரத்தில் நேரிலேயே பார்த்தேன்.

வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியைச் சாப்பிட்டிருப்பீர்கள். மிளகு, சீரகம், சுக்கு சேர்த்த மாவை, இலை விரித்த மூங்கில் குடலையில் ஊற்றி அவிப்பார்கள். பட்டுக்குப் பெயர்போன ஊரில் பெருமாள் பிரசாதத்துக்கே மூங்கில் வேண்டியிருக்கிறது.

அன்று தெரிந்த நெசவாளர் ஒருவர் வீட்டுக்கும் போயிருந்தேன். கொல்லையில் முள்ளில்லாத மூங்கில் புதர் ஒன்று. அவருடைய அம்மா வைத்தது. தெருவில் பாவு நீட்டத் தாங்கு கழி, அவரைப் பந்தல், துணிக்கொடி எல்லாம் அதிலிருந்துதான். ஆனால், மறுநாள் அதைப் பிடுங்க ஜேசிபிக்குச் சொல்லியிருந்தார்கள்.

"மழைக்குள்ள எடுத்துடுங்க பெரியம்மா. எங்க செவுரு போயிடும்" என்றார் பக்கத்து வீட்டுப் பெண். அந்த அம்மா பேசவே இல்லை.

"ஒரு தடவை தோண்டிப் பாத்துடலாமா?" என்றேன். புதருக்கும் சுவருக்கும் இடையே 7 அடி. கடப்பாரை போட்டோம். புதரை ஒட்டி வளைந்த தடித்த கிழங்குகள். ஓரடி தள்ளினால் நூல் போன்ற வேர்கள் மட்டும். சுவர்ப் பக்கம் கிழங்கே இல்லை.

மூங்கிலில் இரண்டு வகை உண்டு. சீனா, ஜப்பானில் வளரும் மோசோ போன்றவை ஓடும் வகை. கிழங்கு மண்ணுக்கடியில் நீளமாக ஓடி, பல அடி தள்ளிக் குருத்து விடும். நம்மூர் கல் மூங்கில், முள் மூங்கில், மஞ்சள் மூங்கில், பீமா மூங்கில் எல்லாம் புதராக நிற்கும் வகை. இவற்றின் கிழங்கு குட்டை. பக்கத்திலேயே மேல்நோக்கி வளைந்து கழியாகிவிடும்.

அதற்காகப் பக்கத்து வீட்டாரின் பயத்தைத் தள்ளிவிடவும் முடியாது. புதர் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக அகலும். கவனிக்காமல் விட்டால் ஒருநாள் சுவரைத் தொடும். காற்றில் கழியும் சாயும்.

அதனால், நடும்போதே சுவர், கிணற்றிலிருந்து 10 முதல் 15 அடி தள்ளி நடுங்கள். வீட்டுக்கு முள் மூங்கில் வேண்டாம். மழைக்காலத்தில் வேண்டாத பக்கம் வரும் குருத்தை இளசாகவே ஒடித்துவிடுங்கள். மழை ஓய்ந்த பிறகு, தை, மாசியில் 3 வயதான கழிகளை மட்டும், தரையை ஒட்டிய கணுவுக்கு மேலாக வெட்டுங்கள். சில வாரம் தண்ணீரில் ஊறப்போட்டால் பூச்சி அரிப்பது குறையும். 2017-ம் ஆண்டு இந்திய வனச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் அந்தச் சட்டப்படி 'மரம்' அல்ல.

ஜேசிபி வரவில்லை. குழியை மூடும்போதுதான் அந்த அம்மா வாய் திறந்தார்: "உங்க பக்கம் குருத்து வந்தா என்னைக் கேக்காத. நீயே ஒடிச்சிக்கோம்மா."