அத்தை கூப்பிட்டால் கேட்க வேண்டும்



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போனில் கூப்பிட்டாள். சென்னையில் நர்ஸ் வேலை. மாதத்தில் பாதி நாள் நைட் டூட்டி. காலையில் ஹாஸ்டலுக்கு வந்து படுத்தால் பக்கத்து அறையில் பாட்டு, கீழே குக்கர் விசில், தெருவில் காய்கறி வண்டி மைக். "டீச்சர், நீங்க காதுல ஏதோ வச்சுக்கிட்டுத் தூங்குறீங்களாமே, எது வாங்கணும்னு சொல்லுங்க" என்றாள். அரை மணி நேரம் சொன்னேன். "இதை அப்படியே எழுதிப் போடுங்க டீச்சர், நிறைய பேருக்கு உதவும்" என்றாள். எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும். சாக்பீஸ் கையில் இருந்தால் மணி அடித்த பிறகும் விடமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே.

எழுத இன்னொரு காரணமும் உண்டு. தை மாதம் ஒரு காதணி விழாவில் சொந்தக்காரர் ஒருவர், நாலு பேர் நடுவில் என்னிடம் கேட்டார்: "மாமியா கூப்பிட்டாக் கேக்கக் கூடாதுன்னுதான காத அடைச்சுக்கிட்டுப் படுக்குற?" எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பந்தியில் பதில் சொல்ல முடியாது. அவரும் இதைப் படிப்பார் என்று நினைக்கிறேன்.

வீடு திண்டுக்கல்லில் எங்கே இருக்கிறது என்று வந்தவர்களுக்குத் தெரியும். முன்னால் பஸ் போகும் ரோடு, நாலு வீடு தள்ளி கல்யாண மண்டபம். முப்பத்து நாலு வருடம் வகுப்பறை இரைச்சலில் இருந்தவளுக்கு இதெல்லாம் ஒரு சத்தமா என்று கேட்பீர்கள். நாற்பது பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் என்னை ஒருநாளும் தொந்தரவு செய்ததில்லை. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு லாரி ஏர் ஹாரன் அடித்தால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், அதற்கப்புறம் விடியும்வரை கண் மூடாது. காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டினேன். ஹியரிங் டெஸ்ட் எடுத்துவிட்டு, காது வயதுக்கேற்ற மாதிரிதான் இருக்கிறது என்றார். சத்தம் தாங்காதவர்களுக்குக் காது கூர்மை என்று அர்த்தமில்லையாம். வந்த சத்தத்தை மூளை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதில்தான் வித்தியாசமாம். சீராக ஓடுகிற ஃபேன் சத்தத்தில் தூங்கிவிடுவோம். அமைதியில் திடீரென்று எழும் சத்தம்தான் எழுப்பிவிடும்.

சட்டம் இருக்கிறது. ஒலி மாசு விதிகள் 2000-ன்படி ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் அளவு. திருவிழா போன்றவற்றுக்கு வருடத்தில் 15 நாளுக்கு மேற்படாமல், நள்ளிரவு 12 மணிவரை அரசு விலக்குத் தரலாம். இதையெல்லாம் மண்டபத்துக்காரரிடம் நானே போய்ச் சொன்னேன். "ஒரு நாள் விசேஷம்தான டீச்சர்" என்றார். கல்யாண வீட்டுக்காரருக்கு ஒரு நாள்தான். எங்களுக்கு ஒவ்வொரு முகூர்த்தமும்! சரி, புகார் கொடுப்பது ஒரு பக்கம் நடக்கட்டும், அதுவரை தூங்க வேண்டுமே.

முதலில் பஞ்சு. நம் வீடுகளில் எல்லோரும் செய்வது அதுதான். வெறும் பஞ்சு சத்தத்தைக் குறைப்பது மிகக் கொஞ்சம். அதில் எண்ணெய் தொட்டு வைப்பதும் வேண்டாம், செவிப்பறையில் ஓட்டை இருப்பது தெரியாமலே பலர் இருக்கிறோம்.

கடையில் கிடைப்பவை மூன்று வகை. ஒன்று, விரலால் உருட்டி உள்ளே வைக்கும் ஃபோம். இன்னொன்று, ரப்பர் மாதிரி சிலிகானில் மூன்று அடுக்குக் குடையாகச் செய்தது. மூன்றாவது, களிமண் போல் பிசைந்து காது வாயை மூடுகிற மெழுகு அல்லது சிலிகான். இந்த மெழுகு வகைக்கு வயது நூற்றுக்கு மேல். பெர்லினில் மாக்ஸ் நெக்வெர் என்பவர் 1907-ல் மெழுகும் பஞ்சும் சேர்த்துச் செய்து 'ஓரோபாக்ஸ்' என்று பெயர் வைத்தார். ஜெர்மனில் ஓர் என்றால் காது, லத்தீனில் பாக்ஸ் என்றால் அமைதி. எழுத்தாளர் காஃப்கா இதை வாங்கி வைத்திருந்தார். சத்தம் தாங்காத கூட்டத்தில் நமக்குப் பெரிய பெரிய ஆட்களெல்லாம் துணை இருக்கிறார்கள்.

குடை வகையை எனக்குக் கொடுத்தது வேடசந்தூர் பக்கம் நூற்பாலையில் வேலை பார்க்கும் ஒரு மாணவன். இரண்டையும் இணைக்கும் கயிறோடு இருந்தது. மில்லுக்கு அது சரி. அங்கே நாள் முழுக்க 85 டெசிபலுக்கு மேல் இரைச்சல், காது கெட்டுப்போகாமல் காக்க வேண்டும். படுக்கையில் அதற்கு ஒரு குறை. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காம்பு, ஒருக்களித்துப் படுத்தால் தலையணையில் இடித்து உள்ளே குத்தும். மல்லாந்து படுப்பவர்களுக்கு ஒத்துவரலாம். நான் ஒருக்களிப்பவள்.

பாக்கெட்டில் போட்டிருக்கும் எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் அதைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். என்.ஆர்.ஆர். 33 என்று போட்டிருந்தால் 33 டெசிபல் குறைந்துவிடும் என்று நினைக்கிறோம். அது ஆய்வுக்கூடத்தில் சரியாகப் பொருத்திப் பார்த்த கணக்கு. தொழிற்சாலைப் பாதுகாப்பில் கைக்கணக்காக, அந்த எண்ணில் 7 கழித்து, வருவதைப் பாதியாக்கச் சொல்வார்கள். 33-ல் 7 போனால் 26, பாதி 13. நன்றாகப் பொருந்தினால் இதைவிடக் கூடவே கிடைக்கும். அரைகுறையாகச் செருகினால் இதுவும் கிடைக்காது. 13 என்பதைக் குறைவாக நினைக்காதீர்கள், 10 டெசிபல் இறங்கினாலே நம் காதுக்குச் சத்தம் ஏறக்குறையப் பாதியானது போல் இருக்கும். சில பாக்கெட்டில் எஸ்.என்.ஆர். என்று இருக்கும். அது ஐரோப்பியக் கணக்கு, ஒரே பொருளுக்கு இரண்டு எண்ணும் வேறாக இருக்கும். ஒன்றை மற்றதோடு ஒப்பிட வேண்டாம்.

எவ்வளவு நல்லதை வாங்கினாலும் கேட்கத்தான் செய்யும். ஐந்தாம் வகுப்பில் செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா? எவர்சில்வர் கரண்டியை நூலின் நடுவில் கட்டி, நூலின் இரு நுனியையும் ஆள்காட்டி விரல்களில் சுற்றி, அந்த விரல்களால் காதை அடைத்துக்கொண்டு, கரண்டியை மேசையில் இடிக்கச் சொல்வேன். மற்றவர்களுக்கு 'டிங்' என்று கேட்பது, காதை அடைத்தவனுக்குக் கோயில் மணி மாதிரி கணீரென்று கேட்கும். காது அடைபட்டாலும் நூலும் விரலும் எலும்பும் ஒலியைக் கொண்டுபோகும். அதே கதைதான் இதுவும். கட்டில் வழியாக, தலை எலும்பு வழியாக வருவதை இயர்பிளக் தடுக்காது. போதாததற்கு, கூர்மையான சத்தத்தைத் தடுக்கிற அளவுக்குக் கனத்த சத்தத்தைத் தடுக்காது. ஆகவே நாதஸ்வரம் தேய்ந்துபோகும், தவில் வந்துகொண்டிருக்கும். டிஜே வைத்தால் பாட்டு போய் 'தும் தும்' மட்டும் மிஞ்சும். அதற்கு ஃபேனைக் கூடுதலாக வைப்பதுதான் என் வழி.

இன்னொன்று, வைத்த முதல் இரவு உங்கள் மூச்சும் எச்சில் விழுங்குவதும் உங்களுக்கே பெரிதாகக் கேட்கும். காது அடைபட்டால் அப்படித்தான், இரண்டு மூன்று நாளில் பழகிவிடும். ஏற்கெனவே காதுக்குள் 'ங்ஙொய்' என்ற இரைச்சல் உள்ளவர்களுக்கு மட்டும் அது கூடினதாகத் தோன்றலாம்.

நான் கடைசியில் நின்றது ஃபோமில், அதிலும் சிறிய அளவில். பெண்கள் பலருக்குக் காதுத் துளை சிறியது. பெரிய எண் போட்ட தடித்த ஃபோம் காலையில் காது வலியைத்தான் கொடுத்தது. கையால் அழுத்தினால் மெத்தென்று இருக்கிறதா, உள்ளே போனபின் காது மட்டத்துக்கு நிற்கிறதா, இந்த இரண்டையும் பாருங்கள். ஒரே அளவில் பெரிய பெட்டி வாங்காமல், இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு ஜோடி வாங்கி மூன்று இரவு வைத்துப் பார்ப்பது நல்லது.

வைக்கும் முறை முக்கியம். கையைக் கழுவிவிட்டு, ஃபோமை மடிப்பு விழாமல் ஊதுபத்திக் குச்சி மாதிரி மெல்லிசாக உருட்டுங்கள். வலது காதுக்கு, இடது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடியுங்கள். (நாங்கள் உங்கள் காதைப் பிடித்த அதே இடம்தான்!) துளை நேராகும். உள்ளே விட்டு, விரலால் அரை நிமிடம் அழுத்தி வைத்திருங்கள், உப்பிக்கொள்ளும். பிறகு இரு உள்ளங்கையாலும் காதுகளைப் பொத்திப் பாருங்கள். பொத்தினாலும் எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. எடுக்கும்போது வெடுக்கென்று பிடுங்கக் கூடாது, திருகி மெதுவாக எடுக்க வேண்டும்.

இனி அத்தை விஷயம்.

அத்தைக்கு 87 வயது. ராத்திரியில் இரண்டு முறை பாத்ரூம் போக எழுவார்கள். ஒருமுறை விழுந்து மணிக்கட்டு முறிந்து கட்டுப் போட்டது உங்களுக்குத் தெரியும். அதிலிருந்து அவர்கள் அறையில் சொம்பு நகர்ந்தாலும் நான் எழுந்துவிடுவேன். எங்கள் வீட்டுச் சார் அப்படியில்லை. இடி விழுந்தாலும் புரளமாட்டார், அவருக்கு இயற்கையே இயர்பிளக் வைத்து அனுப்பியிருக்கிறது. ஆகவே காது என்னுடையதுதான் வேலை செய்ய வேண்டும். அதே காதுதான் லாரிக்கும் விழித்துக்கொள்கிறது. நாலைந்து மாதம் சரியான தூக்கமில்லாமல் எனக்கு பிரஷர் ஏறியது. அத்தையை பாத்ரூமுக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போகும்போது எனக்கே தள்ளாடியது. விழுந்தால் இரண்டு பேரும் விழுவோம் என்ற நிலை.

அதனால் எது அதிகம் அடைக்கும் என்று தேடுவதை விட்டேன். எதை வைத்தால் அத்தை கூப்பிடுவது கேட்கும் என்று தேடினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் இரண்டு காதிலும் வைத்துக்கொண்டு என் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்தேன். அத்தை தன் அறையிலிருந்து கூப்பிட வேண்டும், இருமவேண்டும், சொம்பை உருட்ட வேண்டும். கேட்டால் கையைத் தூக்குவேன். சார் நோட்டில் எழுதினார். தடித்த ஃபோமுக்கு எதுவுமே கேட்கவில்லை. சிறியதில் சொம்பு கேட்டது, குரல் கேட்கவில்லை. ஒரு காதில் மட்டும் வைத்து மறு காதைத் திறந்து விட்டபோது எல்லாம் கேட்டது.

கம்பியில்லாக் காலிங் பெல் ஒன்று வாங்கினோம். பொத்தானை அத்தை கட்டில் சட்டத்தில் கட்டி, மணியை என் தலைமாட்டில் வைத்தோம். அதில் பல டியூன் இருக்கும். பலரும் கீச்சென்ற டியூனை வைப்பார்கள். எனக்கு அது உதவவில்லை. வயதானால் காதுக்கு முதலில் குறைவது கீச்சுக்குரல், இயர்பிளக் நன்றாகத் தடுப்பதும் அதைத்தான். கொஞ்சம் கட்டைக் குரலில் ஒலிக்கும் டியூனை வைத்தேன், இரண்டு காதும் அடைத்திருந்தும் எழுப்பிவிட்டது.

ஆனால் அத்தை பல நாள் பொத்தானை அழுத்துவதில்லை. "நீ அசந்து தூங்குற, எதுக்கு எழுப்பணும்" என்று தானே எழுந்துவிடுவார்கள். ஆகவே இப்போது ஏற்பாடு இப்படி: சாதாரண நாளில் ஒரு காதில் மட்டும். முகூர்த்த நாளில் இரண்டு காதிலும் வைத்துக்கொண்டு, அத்தை கட்டிலை ஒட்டித் தரையில் பாய் போட்டுப் படுத்துவிடுவேன். அவர்கள் காலைக் கீழே வைத்தால் என் மேல்தான் படும். கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அத்தைக்குக் காது மந்தம், டிஜே பாட்டுக்கும் அசையமாட்டார்கள். "எனக்குக் கடவுள் சும்மா கொடுத்தத நீ காசு கொடுத்து வாங்கியிருக்க தாயி" என்று சிரிப்பார்கள்.

சில எச்சரிக்கைகள். காதில் சீழ், வலி, செவிப்பறை ஓட்டை உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் வைக்காதீர்கள். தினமும் வைத்தால் குறும்பி உள்ளே தள்ளப்பட்டு அடைத்துக்கொள்ளலாம். அதைக் கொண்டை ஊசியால் எடுக்கிறேன் என்று இறங்காதீர்கள், டாக்டர் எடுத்துவிடுவார். செவ்வாய், வெள்ளி எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவர்கள் காது நன்றாகக் காய்ந்த பிறகே வைக்க வேண்டும், ஈரமும் வேர்வையும் சேர்ந்தால் பூஞ்சை பிடிக்கும். ஃபோம் அழுக்கானாலோ உப்பாமல் போனாலோ தூக்கிப் போடுங்கள். மிக்ஸி சத்தத்துக்கும் பகலில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். டாக்டர் கூடாது என்றார், எப்போதும் அடைத்தே வைத்தால் சின்னச் சத்தமும் பெரிதாகத் தெரிய ஆரம்பிக்குமாம். வீட்டில் ஒருவர் குறட்டை விடுகிறார் என்று வாங்குகிறவர்கள், அடைக்கும் முன் ஒரு ராத்திரி அந்தக் குறட்டையைக் கவனியுங்கள். நடுவில் மூச்சு நின்று, திணறித் திரும்ப வந்தால், வைத்தியம் பார்க்க வேண்டியது அவருக்கு.

நைட் டூட்டி மகளே, உனக்கு: சிறிய அளவு ஃபோம், ஜன்னலுக்குக் கனமான திரை, ஃபேன். அலாரத்துக்கு போனை வைப்ரேஷனில் தலையணைக்கு அடியில் வை. அறைத் தோழியிடம் சொல்லி வை, தீ, பூகம்பம் எதுவானாலும் தோளைத் தொட்டு எழுப்பச் சொல்.

வெள்ளிக்கிழமை முகூர்த்தம். மண்டபத்தில் சீரியல் பல்பு கட்டிவிட்டார்கள், ஜெனரேட்டர் வண்டியும் வந்துவிட்டது. பாயை வெயிலில் காயப் போட்டிருக்கிறேன்.