குளிர்சாதனத் தொழிற்கல்வி

என் தம்பி கல்லூரி புகாது ஐ.டி.ஐ. என்னும் தொழிற்பயிற்சி நிலையஞ் சேர்ந்தபோது உறவினர் பலர் முகஞ் சுளித்தனர். குளிர்சாதனத் தொழில் ஆங்கு ஈராண்டுப் பாடம். செப்புக்குழாய் பற்றவைத்தல், மின்னிணைப்பு, கம்ப்ரஸர் பழுதுபார்த்தல், வாயுக்கசிவு காணுதல் ஆகியவற்றை மாணாக்கர் தம் கையாற் செய்தே கற்பர்.

ஓசோனைக் காக்க 1987-இல் எழுந்த மான்றியல் உடன்படிக்கையாற் பழைய வாயுக்கள் நீங்கி வருகின்றன. அவற்றிற்கு ஈடாக வந்தவற்றுள் ஆர்-32 தீப்பற்றுந் தன்மையது. பயிலாத கை உயிருக்கே இடர் விளைக்கும். ஆதலின் இத்தொழிலாளர் ஒரு லட்சம் பேருக்குப் பயிற்சியுஞ் சான்றும் அளிக்க இந்திய அரசு 2019-இல் குறிக்கோள் வகுத்தது. மருந்துக் கிடங்கும் இரத்த வங்கியும் இவர்களை நம்பியே இயங்குகின்றன.

தம்பியின் ஊதியத்தால் இன்று எங்கள் தங்கை இக்கல்லூரியிற் பயில்கின்றாள். நண்பர்காள்! நூலறிவுக்குத் தரும் மதிப்பைத் தொழிலறிவுக்குந் தருதல் நம் கடனன்றோ?