பதினாறு வரிசைக்குள் பெரம்பூர்

ஜூலை 4

ரிச்சி தெருவில் நான்கு பி10 பேனல் வாங்கியாயிற்று. சிவப்பு. ஒவ்வொன்றிலும் அகலவாக்கில் 32 விளக்கு, உயரவாக்கில் 16. விளக்குக்கு விளக்கு 10 மில்லிமீட்டர் தூரம். பி10 என்ற பெயர் அதனால் வந்தது. கூடவே 5 வோல்ட் பவர் சப்ளை, ரிப்பன் கேபிள், கன்ட்ரோல் கார்டு. எதற்கு என்று கடைக்காரர் கேட்டார். பேருந்து நெற்றியில் ஊர்ப்பெயர் காட்டுகிற பலகைக்குத் தமிழ் எழுத்து வரையப்போகிறேன், இறுதியாண்டு புராஜெக்ட் என்றேன்.

"வரையறதுக்கு என்னம்மா இருக்கு? இங்கிலீஷ்னா கார்டுலயே இருக்கு. தமிழ்னா கம்ப்யூட்டர்ல அடிச்சு படமா ஏத்திடுங்க. முடிஞ்சுது."

அவர் சொன்ன அந்தப் படம்தான் எனக்குச் சிக்கல். புத்தகத்துக்காக வரைந்த எழுத்தைக் கணினி பதினாறு வரிசைக்குச் சுருக்கும்போது எந்த விளக்கு எரியலாம், எது அணையலாம் என்று ஒரு கணக்கு முடிவு செய்கிறது. அதற்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆங்கிலத்துக்கு ஐந்துக்கு ஏழு கட்டம் என்று என்றைக்கோ யாரோ உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியாக யோசித்து வைத்திருக்கிறார்கள். அந்த யோசனையைத் தமிழுக்குச் செய்து பார்ப்பதுதான் என் வேலை.

ஜூலை 6

கட்டத்தாள், பென்சில். கணினியைத் திறக்கவில்லை. சூசன் கேர் 1984 மெக்கின்டாஷுக்கான சின்னங்களைக் கட்டத்தாளில்தான் முதலில் வரைந்தார் என்று வகுப்பில் படித்த தைரியம்.

முதலில் பாகப்பிரிவினை. ஆங்கிலப் பெரிய எழுத்து ஒரே உயரத்தில் நிற்கும். தமிழுக்கு மூன்று மாடி வேண்டும். மேலே புள்ளியும் கி, கீ கொக்கியும். நடுவில் எழுத்தின் உடல். கீழே கு, கூ, ழு, மூ என்று இறங்குகிற வால்கள். மேலே 3, நடுவே 9, கீழே 4 என்று பிரித்திருக்கிறேன். உடலுக்கு 8 போதும் என்றுதான் நினைத்தேன். ஆனால் க-வின் குறுக்குக்கோடு நட்டநடுவில் ஓட ஒற்றைப்படை வேண்டும்: மேலே நாலு, கோடு ஒன்று, கீழே நாலு. க என்ற ஓர் எழுத்து மொத்த வரிசைக் கணக்கையும் தீர்மானித்துவிட்டது.

ப, ட, ம, ய அரை மணி நேரத்தில் முடிந்தன. ர, ா இன்னும் எளிது. ண-வுக்கு வந்ததும் பென்சில் நின்றது. இடப்பக்கச் சுழி, பிறகு வரிசையாக மூன்று கால், இடையிடையே வெற்றிடம். எல்லாவற்றையும் ஒற்றை விளக்குத் தடிமனில், ஒற்றை விளக்கு இடைவெளியில் போட்டால் 9 நெடுவரிசை. ன-வுக்கு 7. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, தாளில்.

ஜூலை 9

விம் க்ரோவெல் செய்ததைத் தமிழில் செய்து பார்த்த நாள். அவர் நெதர்லாந்துக்காரர். 1967இல், அன்றைய கணினித் திரைகளால் வளைவைச் சரியாகக் காட்ட முடியவில்லை என்றதும், இயந்திரத்தைத் திருத்துவதற்குப் பதிலாக எழுத்தையே திருத்தலாம் என்று 'நியூ ஆல்ஃபபெட்' வரைந்தார். கிடைக்கோடும் நிலைக்கோடும் மட்டும். பல எழுத்துகள் எது எதுவென்றே தெரியாது. படிப்பதற்கென்று செய்ததல்ல, ஒரு கேள்வியாகக் கேட்டுப் பார்த்தது.

தமிழில் அதே விதியை வைத்தேன். ட, ப, ய, ம எந்தக் கஷ்டமும் இல்லாமல் பிழைத்தன. ட பிறந்ததே இப்படித்தான் என்று தோன்றியது. அ தொலைந்தது. இ-யைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. நான் எதிர்பாராதது வ-வும் ல-வும். இரண்டுக்கும் இடப்பக்கம் சுழி, கீழே கோடு, வலப்பக்கம் ஏற்றம். ல கிண்ணம் போல வளைந்து ஏறுகிறது, வ கூர்மையாகத் திரும்பி ஏறுகிறது. வித்தியாசம் முழுக்க அந்த வலது மூலையில்தான். மூலையைச் சதுரமாக்கினால் இரண்டும் ஒன்று. வில்லிவாக்கம் என்று எழுதிப் பார்த்தேன். எங்கே போகிற வண்டி என்று யாராலும் சொல்ல முடியாது.

புராஜெக்ட் கைடு சார் பார்த்துவிட்டு, "இது போஸ்டருக்கு ஆகும், பஸ்ஸுக்கு ஆகாது" என்றார். உண்மை. ஆனாலும் தூக்கிப் போட மனமில்லை, போஸ்டராகவே ஒன்று அச்சிட்டு வைத்தேன். தவிர, ஒவ்வொரு எழுத்தின் உயிரும் எந்த மூலையில் இருக்கிறது என்பதை வேறு எந்தப் பயிற்சியும் இவ்வளவு வேகமாகக் காட்டியிருக்காது. ல-வுக்கு மட்டும் கீழ்வலது மூலையில் ஒரு விளக்கை அணைத்தேன். வளைவு வந்துவிட்டது.

ஜூலை 12

பெரம்பூர் 'பொம்பூர்' ஆகிவிட்டது.

ர-வுக்கு அடியில் இடப்பக்கம் சாய்ந்து இறங்குகிற சின்னக் கால் உண்டு. 9 வரிசை உடலுக்குள் அது அடங்கவில்லை, அதனால் இல்லாமலே வரைந்திருந்தேன். கால் இல்லாத ர என்பது வேறொன்றுமில்லை, ா தான். பெ-வுக்குப் பக்கத்தில் அது நின்றதும் 'பொ' என்று கண் சேர்த்துப் படித்துவிடுகிறது. அதே வியாதியில் தரமணி 'தாமணி', மரம் 'மாம்'.

இதில் சுவையான விஷயம், ஈய எழுத்துக் காலத்திலும் ர-வின் அடி வெட்டப்பட்டிருக்கிறது. ஆனால் எல்லா இடத்திலும் அல்ல. பழைய புத்தகங்களில் ர், ரி, ரீ மூன்றும் பெரும்பாலும் அந்தச் சாய்ந்த கால் இல்லாமல்தான் இருக்கும். மேலே புள்ளியோ கொக்கியோ இருக்கிறதால் ா-வோடு குழம்பாது. தனி ர-வுக்கு மட்டும் கால் தவறாமல் இருக்கும். எங்கே விடலாம், எங்கே விடக்கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இன்றைய எழுத்துருக்களில் ர்-க்கும் ரி-க்கும்கூடக் கால் வைக்கிறோம், பழகியும்விட்டது.

நான் பழைய வழியை எடுத்துக்கொள்கிறேன். தனி ர, ரா, ரு வகையறாவுக்குக் கீழ்மாடியில் இரண்டு விளக்கு சாய்வாக. ர், ரி, ரீ மொட்டையாக.

ஜூலை 13, ஞாயிறு

பெரியம்மா வந்திருந்தாங்க. டைப்பிங் ஹையர் பாஸ் பண்ணி, அதே இன்ஸ்டிட்யூட்டில் கொஞ்ச நாள் சொல்லியும் கொடுத்தவங்க. கட்டத்தாளைப் பார்த்துவிட்டு, "என்னடி, கோலம் போடறியா?" என்றாங்க. தமிழ் மெஷினில் ம் எப்படி அடிப்பீங்க என்று கேட்டேன்.

"மொதல்ல புள்ளிய அடிக்கணும். அடிச்சா கேரேஜ் நகராது, அங்கயே நிக்கும். அப்பறம் ம அடிச்சா அதுக்கு மேல புள்ளி சரியா இருக்கும். கொக்கியும் அப்படித்தான்."

எழுத்துக்கு முன்னால் புள்ளி! பள்ளியில் படித்ததற்கு நேர் எதிர். யாழ்ப்பாணத்துக்காரர் ஆர். முத்தையா தமிழைத் தட்டச்சு விசைகளுக்குள் அடக்கப் பாடுபட்டதை ஒரு செமினாரில் கேட்டிருக்கிறேன். விரல்கள் அதை இன்னும் மறக்கவில்லை என்பதைச் சாப்பாட்டு மேசையில் தாளம் போட்டுக் காட்டினாங்க.

ஜூலை 17

தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகங்கள் 1994இலிருந்து சென்னையில் நூலகமாக இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சுப் பிரதிகளை முழுநாளும் பார்த்தேன். உள்ளடக்கத்தில் ஒரு வரிகூடப் படிக்கவில்லை, புள்ளிகளை மட்டும்.

ஓலையில் புள்ளி வைக்கும் பழக்கம் குறைவு. எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும் என்பது வழக்கமாகச் சொல்லும் காரணம். படிக்கிறவர்தான் இடம் பார்த்துப் புள்ளியை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எ-ஏ, ஒ-ஓ குழப்பத்துக்கு வீரமாமுனிவர் கொம்பையும் சுழியையும் மாற்றித் தீர்வு சொன்னார். அச்சில் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் வெளியானது, பதினாறே பக்கம். அதற்கே கோவாவில் 1577இல் ஒரு முறை, கொல்லத்தில் மறுபடி ஒரு முறை எழுத்து வார்க்க வேண்டியிருந்தது. பிறகு தரங்கம்பாடி அச்சகத்துக்காக ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்து அனுப்பிய எழுத்து மிகப் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றதால், தரங்கம்பாடியிலேயே சிறிதாக வார்த்துக்கொண்டார்கள். சிறிதாக்கும்போது எதைக் காப்பாற்றுவது, எதை விடுவது என்று பட்டறையில் இருந்த யாரோ முடிவெடுத்திருப்பார். அவர் பெயர் தெரிந்தால் நன்றாக இருக்கும்.

மாலையில் புள்ளிச் சோதனை. ஒற்றை விளக்குப் புள்ளி தூரத்திலிருந்து கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. இன்னொரு கவலையும் வந்தது. இந்தப் பேனல்களில் விளக்கு அவ்வப்போது செத்துப்போகும். ஆங்கிலத்தில் ஒரு விளக்கு போனால் எழுத்து கொஞ்சம் பொக்கையாகும், அவ்வளவுதான். தமிழில் புள்ளியாக இருக்கும் அந்த ஒரு விளக்கு போனால் ம் என்பது ம. அதனால் புள்ளி இரண்டுக்கு இரண்டு, நான்கு விளக்கு. ஒன்று போனாலும் மூன்று நிற்கும். மேல்மாடியின் மூன்று வரிசையில் இரண்டு புள்ளிக்கு, ஒன்று இடைவெளிக்கு.

ஜூலை 21

மொட்டைமாடியில் இரவுச் சோதனை. தண்ணீர்த் தொட்டிச் சுவரில் பேனல்களைச் சாய்த்து வைத்து, எதிர்வீட்டு மாடியிலிருந்து பார்த்தேன்.

ண கொழகொழவென்று ஒரே சிவப்புக் கட்டி. இருட்டில் ஒவ்வொரு விளக்கும் தன் அளவைத் தாண்டிப் பொங்குகிறது. நடுவே விட்டிருந்த ஒற்றை விளக்கு வெற்றிடங்களை இரண்டு பக்கத்து ஒளியும் சேர்ந்து நிரப்பிவிட்டது. கீ-யின் சுழிக்குள் இருந்த ஓட்டையும் அடைந்து, கீ எல்லாம் கி ஆகிவிட்டன. அச்சில் மை பரவுவது மாதிரிதான், ஆனால் அதைவிட மோசம், ஏனென்றால் பகலில் இந்தத் தொல்லை இல்லை. ஒரே எழுத்து பகலில் மெலிவு, இரவில் தடிப்பு.

அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பலகைகளுக்கு இதே நோய் இருந்தது. வண்டி விளக்கின் ஒளி பட்டு எழுத்தின் உட்பகுதி அடைந்துபோகிறது, வயதான ஓட்டுநர்களால் படிக்க முடியவில்லை என்றுதான் டான் மீக்கரும் ஜேம்ஸ் மொன்டால்பானோவும் உள்வெளிகளை அகலப்படுத்தி 'க்ளியர்வியூ' வரைந்தார்கள். 2004இல் அரசு இடைக்கால அனுமதி தந்தது, 2016இல் விலக்கிக்கொண்டது, 2018இல் திரும்ப வந்தது. எழுத்தின் வயிற்றுக்குள் எவ்வளவு இடம் விடலாம் என்பதற்கு இத்தனை இழுபறி.

கீழே இறங்கி வந்து எல்லாவற்றையும் இரண்டு விளக்கு வெற்றிடத்துக்கு மாற்றினேன். ண 9இலிருந்து 13 ஆனது, ன 7இலிருந்து 10. கீ-யின் சுழியை மூடாமல், கொக்கி நுனியை வலப்பக்கமாகக் கீழே தொங்கவிட்டேன்.

குறிப்பு: போனில் படம் எடுத்தால் கறுப்புப் பட்டைகள் விழுகின்றன. எல்லா வரிசையும் ஒரே நேரத்தில் எரிவதில்லை, நாலில் ஒரு பங்காக மாறி மாறி எரிகிறது. கண் ஏமாறுகிறது, கேமரா ஏமாறவில்லை. புராஜெக்டை மதிப்பிடும் ஜூரிக்குப் படமாகக் காட்ட முடியாது, பேனலையே தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

ஜூலை 24

சென்னை என்ற சொல்லுக்கு 47 நெடுவரிசை. ஒன்றரைப் பேனல். னை மட்டும் 20.

பழைய னை நினைவுக்கு வந்தது. தாத்தா கடிதங்களில் துதிக்கை தூக்கினாற்போல இருக்குமே, அது. 1978இல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டபோது மாறிய 13 எழுத்துகளில் ஒன்று. பெரியார் 1935இலேயே தம் பத்திரிகையில் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்திருந்தார். அச்சுக்கோப்பவருக்கும் தட்டச்சு செய்பவருக்கும் பெரிய விடுதலை. ணா, றா, னா, லை-க்கெல்லாம் தனி அச்சு வேண்டாம், கையில் இருக்கும் உறுப்புகளைச் சேர்த்தால் போதும்.

துதிக்கை னை-யைக் கட்டத்தாளில் வரைந்தேன். 13 நெடுவரிசை! சென்னை 40க்கு இறங்கியது. ஈய அச்சுப்பெட்டியில் அறைகளைக் குறைத்த சீர்திருத்தம், வரியில் அகலத்தைக் கூட்டியிருக்கிறது. என் பேனலில் அறைக்குப் பஞ்சமில்லை, எத்தனை எழுத்து வேண்டுமானாலும் நினைவகத்தில் போடலாம். பஞ்சம் எல்லாம் அகலத்துக்குத்தான். 1978இல் இருந்த இயந்திரத்துக்கு அந்த முடிவு சரி. இந்த இயந்திரத்துக்கு நேர்மாறு.

அதற்காகத் திரும்பிப் போகவா முடியும்? என் தங்கையிடம் காட்டினேன். "இது என்ன, தெலுங்கா?" என்றாள். விஷயம் முடிந்தது.

ஜூலை 30

எங்கள் நிறுத்தத்துக்கு எதிர்க் கடை அண்ணாச்சி பிளக் பாயின்ட் கொடுத்தார். டீக்கடை பெஞ்சில் பேனல்களை நிறுத்தி, நிறுத்தத்தில் நிற்பவர்களைப் படிக்கச் சொன்னேன். பெரம்பூரைப் பெரம்பூர் என்றே படித்தார்கள். வில்லிவாக்கமும் தப்பித்தது. பூக்கூடையோடு நின்ற ஓர் அக்கா எல்லாவற்றையும் சரியாகப் படித்துவிட்டு, "நம்பர் எங்கம்மா?" என்றார்.

நம்பர் போடவில்லை.

"ஊர் பேர யாரு படிப்பா? நம்பரப் பாத்துட்டுத்தான் ஓடுவோம். பேரு, ஏறினப்புறம் சந்தேகம்னா பாக்கறது."

பக்கத்தில் நின்றவர்களும் ஆமாம் என்றார்கள். 29சி என்றால் பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் என்று எனக்கே மனப்பாடம், நானும் அப்படித்தான் ஓடி ஏறுகிறேன். ஆகவே எண்ணுக்கு முழு 16 வரிசை உயரம், இரண்டு விளக்குத் தடிமன். 2, 9, C ஒவ்வொன்றும் 9 நெடுவரிசை, இடைவெளி சேர்த்தால் முதல் பேனல் அதற்கே போய்விடும். பெயருக்கு மிச்சம் 96.

இரவு வரை உட்கார்ந்து ஊர்களை அளந்தேன். பெசன்ட் நகர் 76, கிளாம்பாக்கம் 83, திருவொற்றியூர் 87. எல்லாம் அடங்கின. அண்ணா சதுக்கம் 98.

எழுத்தை நகரவிட்டுக் காட்டலாம் என்று சார் சொல்வார். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், வண்டி அதற்குள் போய்விடும். ண இரண்டு வருகிறது, ஆளுக்கு ஒரு நெடுவரிசை குறைத்தால் கச்சிதமாக 96. ஆனால் இரவில் அது அடைந்துபோகும், மாடியில் பார்த்தாயிற்று. இரண்டு சொல்லுக்கு நடுவே 4 விட்டிருக்கிறேன், அதை 2 ஆக்கினால் 'அண்ணாசதுக்கம்'. அ 12 எடுத்துக்கொள்கிறது. அதன் இடது சுழி கொஞ்சம் ஆடம்பரமாகத்தான் இருக்கிறது. நாளைக்கு அதை 10க்குள் வரைந்து பார்க்க வேண்டும், ஆ-வும் கூடவே மாறும்.