ஒரே துணியில் பதினோரு பேர்

ஐப்பசி பிறந்தால் எங்கள் வீட்டில் முதலில் இடம் பிடிப்பது நெல்தான். குறுவை அறுப்பும் அடைமழையும் கைகோத்துக்கொண்டு வரும். களத்தில் காயப்போட வழியில்லாமல் ஈர நெல்லைக் கூடத்தில் கொட்டிப் பரப்பிவிடுவார் அப்பா. கிளறாமல் விட்டால் முளைத்துவிடும். அதனால் பிள்ளைகள் எல்லாரும் வரிசையாக நின்று, காலை இழுத்து இழுத்து நெல்லில் கோடு போட்டுக்கொண்டே நடக்க வேண்டும். பெரியண்ணன் முன்னால், கடைக்குட்டி கடைசியில். நடுவில் ஒருவர் நின்றால் போதும், பின்னால் வருகிறவர்கள் முட்டி மொத்த வரிசையும் நெல்லில் விழும். திட்டுவதற்காக வேகமாக உள்ளே வரும் அப்பா, எங்கள் கோலத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் திண்ணைக்கே திரும்பிப் போய்விடுவார்.

குத்தாலத்துக்கும் மாயூரத்துக்கும் நடுவே காவிரிக் கரையோரம் எங்கள் ஊர். 1982-இல்தான் மாயூரம் மயிலாடுதுறை ஆனது. நான் சொல்வது அதற்கு முந்திய காலம். அப்பா குடும்பமும் சித்தப்பா குடும்பமும் ஒரே உலையில் சாப்பிட்டோம். பிள்ளைகள் மட்டும் பதினோரு பேர். வெயில் காலத்தில் அது ஒரு கூட்டமாகவே தெரியாது. பாதிப் பேர் தோப்பில் இருப்போம், மீதிப் பேர் ஆற்றில். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதியை வடகிழக்குப் பருவமழைதான் தருகிறது. அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை அது கொட்டும்போது பதினோரு பேரும் வீட்டுக்குள் அடைபடுவோம். அப்போதுதான் அந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்பதே ஊருக்குத் தெரியும்.

கூடத்தை நெல் பிடித்துக்கொண்டதால் படுக்கை ரேழிக்கு மாறும். ஒரே ஜமக்காளம், பழைய புடவைகளைச் சேர்த்துத் தைத்த போர்வைகள். அப்பாயி சிம்னி விளக்கோடு வந்து ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணிவிட்டுத்தான் படுக்கப் போகும். ஒரு நாள் இரவு பதினொன்று சரியாக இருந்தது. விடிந்ததும் எதிர்வீட்டு அத்தை எங்கள் கடைக்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். “இது உங்க வீட்டுப் புள்ளதானே அத்தே? எங்க வீட்டுல ஒண்ணக் காணோம்.” அவர் பிள்ளை எங்களுக்கு நடுவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். “கணக்கு சரியாத்தானேடி இருந்துச்சு” என்று அப்பாயிக்கு ஒரே ஆச்சரியம். அன்று முதல் தலையைத் தொடுவதோடு பெயரையும் கூப்பிட்டுப் பார்க்கத் தொடங்கியது. மூன்றாவது தம்பி தூக்கத்திலேயே எல்லாப் பெயருக்கும் “ம்” போடுவான்.

ஒருவர் இருமினால் பதினோரு பேருக்கும் கஷாயம் என்பது வீட்டின் சட்டம். சுக்கு, மிளகு, திப்பிலி, தூதுவளை எல்லாம் சேர்ந்து கொதிக்கிற வாசனைக்கே கண்ணில் தண்ணீர் வரும். ஆகவே இருமல் வந்தவனைக் காப்பாற்றுவது எல்லாருடைய கடமையாக இருந்தது. அவனுக்குத் தொண்டை கமறுகிறது என்று தெரிந்தால் பெரியக்கா கண்ணைக் காட்டுவாள். உடனே மற்ற பத்துப் பேரும் பதினாறாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்ல ஆரம்பிப்போம். யாரும் சொல்லாமல் நாங்கள் வாய்ப்பாடு படித்தால் அதற்கு என்ன காரணம் என்று அம்மாவுக்கு இரண்டாம் நாளே பிடிபட்டுவிட்டது. பதினாறு எட்டு நூற்று இருபத்தெட்டு வருவதற்குள் கஷாயச் சட்டி அடுப்பில் ஏறியிருக்கும்.

தீபாவளிக்கு அப்பா மாயூரத்துக்குப் போய் ஒரு முழுத் தான் துணி எடுத்து வருவார். பையன்களுக்குச் சட்டை, பெண்களுக்குப் பாவாடை, மிஞ்சியதில் தலையணை உறை. தையற்காரர் தீபாவளிக்கு முந்தின இரவுதான் கொண்டுவந்து கொடுப்பார். எதில் யார் நுழைகிறோமோ அது அவருடையது. விடியற்காலை எண்ணெய்க் குளியலில் முதலில் குளித்தவர் முதல் வெடி வெடிக்கலாம் என்று வைத்தால் கிணற்றடியில் தள்ளுமுள்ளாகும் என்று அம்மா கடைக்குட்டியிலிருந்து தொடங்குவார். அவனோ மணையில் உட்கார்ந்தபடியே தூங்குவான். சீயக்காய் கண்ணில் பட்டு அவன் போடுகிற கூச்சல்தான் எங்கள் தெருவின் முதல் வெடி.

அந்த ஒரே துணிக்கு உண்மையான பயன் ஐப்பசிக் கடைசி நாளில் தெரிந்தது. துலா மாதத்தில் கங்கையே தன் பாவம் தீர மாயூரத்துக் காவிரியில் வந்து நீராடுவதாக நம்பிக்கை. மாதக் கடைசியில் கடைமுழுக்கு. அன்று துலாக்கட்டத்தில் நிற்க இடம் இருக்காது. குடும்பம் மொத்தமும் பஸ் ஏறினோம். பஸ்ஸின் வெளியே குடும்பக்கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம். கண்டக்டர் எங்களை எண்ணி முடித்துவிட்டு, “ஆயா, வண்டியில என்ன எழுதியிருக்குன்னு பாத்துட்டுத்தான் ஏறினீங்களா?” என்றார். “எனக்குப் படிக்கத் தெரியாதுப்பா, நீ டிக்கெட்டச் சரியா எண்ணிக் குடு” என்றது அப்பாயி. இறங்கும் வரை பஸ்ஸே சிரித்தது.

கூட்டத்தில் இரண்டாவது தம்பியைக் காணோம். அப்பா என் தங்கையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, “இதே துணியில சட்டை போட்ட புள்ளைய யாராச்சும் பாத்தீங்களா?” என்று கூவினார். மாயூரத்து ஜனங்கள் உதவிக்குச் சளைத்தவர்களா? சற்று நேரத்தில் ஒருவர் பெரியண்ணனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். இன்னொருவர் சித்தப்பா மகளைத் தூக்கி வந்தார். காணாமலே போகாத நாலு பேரைக் கண்டுபிடித்துக் கொடுத்த பிறகு, பொரிகடலைக் கடையோரம் நின்றிருந்த நிஜத் தம்பி வந்து சேர்ந்தான். ஒவ்வொருவருக்கும் அப்பா கைகூப்பி நன்றி சொன்னார். கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்கு. பிந்தி வந்தவருக்காக இறைவன் தள்ளிக் கொடுத்த நாள் அது. எப்போதும் கடைசியாகக் கிளம்பும் சின்னக்காவிடம் அப்பாயி சொல்லும்: “ஒனக்குன்னே மாயூரநாதர் ஒரு நாளத் தள்ளி வெச்சிருக்காரு, மெதுவா வா.”

இந்தச் சிரிப்பெல்லாம் தானாக வந்ததாகச் சின்ன வயதில் நினைத்திருந்தோம். பிள்ளை பெற்ற பிறகுதான் அம்மாவும் சித்தியும் தெரிகிறார்கள். நனைந்த விறகை ஊதி ஊதிச் சிவந்த கண்கள். அடுப்புக்கு மேலே கொடி கட்டி, பதினோரு பேருடைய பள்ளிக்கூடத் துணியையும் இரவெல்லாம் திருப்பித் திருப்பிப் போட்ட கைகள். புகை வாசனையோடு நாங்கள் பள்ளிக்குப் போனோம். ஈரத்தோடு ஒரு நாளும் போனதில்லை. அவர்கள் இருவரும் எப்போது சாப்பிட்டார்கள், எப்போது தூங்கினார்கள் என்று எங்களில் யாராலும் சொல்ல முடியவில்லை.

அப்பாயி இல்லை, அப்பா இல்லை, அந்த ஓட்டு வீடும் இல்லை. ஆற்றில் தண்ணீர் வராத ஆண்டுகளில் துலாக்கட்டத்திலேயே ஆழ்துளைக் கிணற்று நீரில் முழுக வேண்டியிருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். அது நல்லதற்குத்தான் என்று முழுமனதோடு சொல்கிறேன். அம்மாவின் உடம்பு தாங்கியதை என் மகள் தாங்க வேண்டாம். ஆனால் இருமல் வந்தவனுக்காக வாய்ப்பாடு சொல்லும் பத்துப் பேர் ஒவ்வொரு பிள்ளைக்கும் வேண்டும். அதற்குப் பத்துப் பேரை ஒரே வீட்டில் பெற வேண்டியதில்லை. அக்கா பிள்ளைகள், தம்பி பிள்ளைகள், எதிர்வீட்டுப் பிள்ளைகள் எல்லாரையும் தீபாவளி விடுமுறையில் ஒரே ரேழியில் படுக்கவிட்டால் போதும். துணி காயப்போடும் வேலையையும் அடுப்படி வேலையையும் இந்தத் தடவை ஆண்கள் எடுத்துக்கொள்வோம். சிரிப்பில் பெண்களுக்கு வர வேண்டிய பங்கு நெடுநாளாகப் பாக்கி இருக்கிறது.