எப்ப சூடாகுது?

ஜாசினிலிருந்து மெர்லிமாவ் போகும் சாலையோரத்தில், தகரக் கூரை போட்ட ஒரு பட்டறையில்தான் நான் தொழில் கற்றேன். வண்டி பழுது பார்ப்பவரை இங்கே எல்லாரும் ‘போர்மன்’ என்பார்கள். எங்கள் போர்மன் எனக்கு உறவுக்காரர் இல்லை. ஆனாலும் முதல் நாளே ‘மாமா’ ஆகிவிட்டார். ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பால் லாரியிலும் டிராக்டரிலும் கைப்பழக்கம் பெற்றவர். 1985-இல் புரோட்டோன் சாகா கார் வந்தது. சில ஆண்டுகளில் பழைய சாகாக்கள் தோட்டத்து வாசல்களிலும் நிற்கத் தொடங்கின. அப்போது மாமா வெளியே வந்து சொந்தமாகப் பட்டறை போட்டார்.

எங்களிடம் வருபவை பெரும்பாலும் 20 வயதைத் தாண்டிய கார்கள். சாகா, வீரா, கஞ்சில். ஓட்டி வருபவர்கள் செம்பனைக் குலை வெட்டுபவர்கள், ஆயர் குரோ தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் பார்ப்பவர்கள், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குபவர்கள். கார் நின்றால் வீட்டுச் சம்பாத்தியமும் நின்றுவிடும். அதனால் பட்டறைக்குள் நுழைந்ததும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “எவ்வளவு ஆகும்?” என்பதுதான்.

என் முதல் தவறு மூன்றாவது வாரத்தில் நடந்தது. சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்ட ஒரு கஞ்சில் ஆவி கக்கிக்கொண்டு வந்து நின்றது. மாமா உள்ளே இருந்தார். தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்து ரேடியேட்டர் மூடியைத் திருகினேன். சீறி வந்த வெந்நீர் என் இடது முன்கையை அப்படியே நனைத்தது. மாமா ஓடி வந்து, குழாயடியில் என் கையைப் பிடித்தபடி இருபது நிமிடம் நின்றார். ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் காலையில் தூணில் ஓர் ஆணி அடித்து, ஒரு கோணிச் சாக்கை மாட்டினார்.

“மொதல்ல அரை மணி நேரம் சும்மா இரு. அப்புறம் மேல் ஹோஸை அமுக்கிப் பாரு. கல்லு மாதிரி இருந்தா மூடியைத் தொடாதே. கொழகொழன்னு ஆனதும் சாக்கைப் போட்டு, பாதி திருகி, மூச்சு விட வை. அதுக்கப்புறம் திற.”

மூடி என்பது வெறும் அடைப்பு இல்லை என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். அது அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் 110 பாகையைத் தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் இருக்கிறது. திறந்தால் அந்த அழுத்தம் போய்விடும். அதே நொடியில் தண்ணீர் ஆவியாகிப் பாயும். உள்ளே அழுத்தம் இருப்பதைக் காட்டிக்கொடுப்பது ரேடியேட்டரின் மேல் ஹோஸ்தான்.

இரண்டாவது தவறில் என் கைக்கு ஒன்றும் ஆகவில்லை; இன்னொருவரின் பணம் போனது. அது மாசி மக நேரம். செங்கில் இருக்கும் சன்னாசிமலைக் கோயிலுக்குப் போகும் வழியில், வண்டிகள் ஊர்ந்த நெரிசலில் ஓர் அண்ணனின் சாகா சூடாகிவிட்டது. மாமா ஊரில் இல்லாத நாள். வேலை தெரியும் என்று காட்டிக்கொள்ளும் ஆசையில், பழைய தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் புதியதைப் போட்டேன். பட்டறையில் கால் மணி நேரம் ஓடவிட்டு, ஒரு சுற்றும் ஓட்டிப் பார்த்தேன். முள் நடுவிலேயே நின்றது. 70 வெள்ளி வாங்கிக்கொண்டு அனுப்பினேன். ஐந்தாம் நாள் அதே கார் கயிறு கட்டி இழுத்து வரப்பட்டது.

மாமா உடனே பானெட்டைத் திறக்கவில்லை. அந்த அண்ணனுக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்து உட்கார வைத்து, “எப்ப சூடாகுது?” என்று கேட்டார். சாலையில் வேகமாகப் போனால் ஒன்றுமில்லை, நெரிசலில் நின்றால் மட்டும் ஏறுகிறது என்றார் அவர். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும்; நிற்கும்போது மின்விசிறிதான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். மாமா மின்விசிறிக்கு பேட்டரியிலிருந்து நேராக இரண்டு கம்பி கொடுத்தார். அது சுற்றவில்லை. இறக்கையை விரலால் தட்டியதும் சோம்பலாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. மோட்டாருக்குள் கரி தேய்ந்திருந்தது. நான் ஓட்டிப் பார்த்த அன்று காலைக் குளிரில் தப்பியிருக்கிறது. பழைய கார்களை உடைத்து விற்கும் கடையில் 40 வெள்ளிக்கு ஒரு மோட்டார் கிடைத்தது. நான் வாங்கியிருந்த 70 வெள்ளியையும் மாமா திருப்பிக் கொடுத்தார். அந்த மாதம் என் சம்பளத்தில் அதைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். பிடிக்கவில்லை. “சாமான் மாத்துறது வேலை இல்லடா. கேக்குறதுதான் வேலை. கேக்குறதுக்குக் காசு இல்ல” என்று மட்டும் சொன்னார்.

நான் கழற்றிய பழைய தெர்மோஸ்டாட்டை அன்று மாலை பால் டின்னில் நூல் கட்டித் தொங்கவிட்டு, அடுப்பில் தண்ணீரோடு சூடேற்றினார். கூடவே ஒரு வெப்பமானியையும் வைத்தார். 80 பாகையைத் தாண்டியதும் உள்ளிருக்கும் மெழுகு உருகி விரிய, வால்வு கண் திறப்பதுபோல் மெல்லத் திறந்தது. அது நல்ல சாமான். நான் நன்றாக இருந்ததை எடுத்துவிட்டு, கெட்டதை விட்டுவைத்திருக்கிறேன். அந்த டின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு மாமா ஒவ்வொன்றையும் என் கையில் கொடுத்தார். இன்ஜினைக் குளிர்ந்த நிலையில் ஓடவிட்டு மேல் ஹோஸைப் பிடித்துக்கொண்டிருக்கச் சொல்வார். வெகுநேரம் வெறும் வெதுவெதுப்பு; பிறகு ஒரு கணத்தில் சூடு விறுவிறுவென்று ஏறும். தெர்மோஸ்டாட் திறந்த கணம் அது. இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்தபின் ரேடியேட்டரின் மேல் உள்ளங்கையை ஓட்டினால், அடைப்பு இருக்கும் இடம் மட்டும் குளிர்ந்திருக்கும். கூலண்ட் வாங்கும் காசை மிச்சம் பிடித்து வெறும் குழாய்த் தண்ணீரையே ஆண்டுக்கணக்கில் ஊற்றிய கார்களில், துருவும் உப்பும் படிந்து அப்படித்தான் அடைத்துக்கொள்ளும். வாட்டர் பம்பின் தண்டைப் பிடித்து அசைத்தால் ஆடக் கூடாது. ஆடும் பல்லை நாக்கு கண்டுபிடிப்பதுபோல் விரல் அதைக் கண்டுபிடித்துவிடும்.

மூன்றாவது தவறுதான் என்னை அதிகம் வருத்தியது. நியாலாஸ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு குலை வெட்டும் அண்ணன் சாகாவைக் கொண்டுவந்தார். கையில் இருப்பது 350 வெள்ளிதான் என்றார். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் தே தாரிக் நுரைபோல் வெளுத்த பசை. ரேடியேட்டருக்குள் விடாமல் குமிழி. ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. கீழே இருப்பது வார்ப்பிரும்பு, மேலே மூடியிருக்கும் ஹெட் அலுமினியம். ஒரே சூட்டில் அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். மீண்டும் மீண்டும் கொதித்தால் ஹெட் வளைந்து, நடுவிலிருக்கும் கேஸ்கெட் பிடியை விட்டுவிடும்.

மாமா பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டார். கேஸ்கெட் 60. ஹெட்டைச் சமமாகச் சீவ 80. ஆயிலும் ஃபில்டரும் 70. கூலண்ட் 30. டைமிங் பெல்ட்டில் விரிசல் தெரிந்தது, அதற்கு 45. “பெல்ட்டுல மிச்சம் பிடிச்சா நாளைக்கு இன்ஜினே போயிரும்.” வாட்டர் பம்பை என்னை அசைத்துப் பார்க்கச் சொன்னார். ஆடவில்லை, கசிவும் இல்லை. “அப்போ விட்ரு.” மொத்தம் 285. மீதியில் கூலி.

ஒட்டியிருந்த பழைய கேஸ்கெட்டை ஒருநாள் முழுக்கச் சுரண்டினேன். முடிந்தது என்று மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் மாமா நகத்தை ஓட்டி, அது தடுக்கிய இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டார். நான்காம் முறை நகம் வழுக்கிக்கொண்டு போனது. போல்ட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக மூன்று சுற்றில் முறுக்கினோம்.

வேலை முடிந்த மகிழ்ச்சியில் கூலண்டை மடமடவென்று ஊற்றி, மூடியை அடைத்து, சாவியைத் திருகினேன். பத்து நிமிடத்தில் முள் ஏறத் தொடங்கியது. உடனே நிறுத்தினேன். அந்த அண்ணன் பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டார். அவர் கை சட்டைப் பையைத் தொட்டதைப் பார்த்தேன். அதில் இனி ஒன்றும் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஹெட் மறுபடி வளைந்துவிட்டதோ என்று நினைத்ததும் என் கால்கள் நடுங்கின.

மாமா வந்து ஹோஸைத் தொட்டுப் பார்த்தார். ஆறவிட்டுச் சாக்கை எடுத்து மூடியைத் திறந்தார். காரின் முன்பக்கத்தை ஜாக்கியில் உயர்த்தினார். “ஹோஸை அமுக்கு. என்ன தெரியுது?” பந்துபோல் துள்ளியது. “காத்து. வழி விடாம ஊத்திட்ட. அதான் உள்ளுக்குள்ள மாட்டிக்கிச்சு.” மூடியைத் திறந்தே வைத்து, மெல்ல ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, ஹோஸை அமுக்கி விட்டுக்கொண்டே இருந்தேன். குளுக், குளுக் என்று குமிழிகள் மேலே வந்தன. அரை மணி நேரம் கழித்து, என் கைக்குள் ஹோஸ் திடீரென்று கனத்தது. துள்ளல் போய்விட்டது, அமுக்கினால் உள்ளே தண்ணீர் நகர்வது தெரிந்தது. யாரும் சொல்வதற்கு முன்பே, “நிறைஞ்சிருச்சு மாமா” என்றேன். மாமா முள்ளைப் பார்க்கப் போகவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். அவர் என்னை நம்பிய முதல் தருணம் அதுதான்.

இப்போது எனக்கு அங்கே ஒன்பதாவது ஆண்டு. பட்டறை அனுபவத்தையே தகுதியாகக் காட்டி மலேசியத் திறன் சான்றிதழும் பெற்றுவிட்டேன். மாமாவுக்கு முழங்கால் வலி. பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார். போன வாரம் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் ஓர் அக்கா ஆவி பறக்கும் வீராவோடு வந்து, “எவ்வளவு ஆகும் தம்பி? கையில அம்பது வெள்ளிதான் இருக்கு” என்றார். ஆணியிலிருந்து சாக்கை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

“மொதல்ல உக்காருங்க அக்கா. எப்ப சூடாகுது?”

பெஞ்சில் மாமா நாளிதழை இறக்கவில்லை. ஆனால் பக்கத்தைப் புரட்டுவதை நிறுத்தியிருந்தார்.