விம்மின் மவுஸை இயக்கியது எந்தக் கோப்பு?

பயிற்சிக் கூடத்தில் டெபியன் 12, மேக், விண்டோஸ் என மூன்று கணினிகளிலும் விம் உரைத்திருத்தி இருந்தது. அதன் அமைப்புகளுக்கான விம்ஆர்சி கோப்பை யாரும் சொந்தமாக எழுதி வைக்கவில்லை. ஒரே பைத்தான் நிரலைத் திறந்தால், டெபியனிலும் விண்டோஸிலும் வண்ணம் வந்தது. மேக்கில் வெறும் கறுப்பு வெள்ளை.

"சார், மவுஸால இழுத்தா காப்பி ஆகல, விஷுவல்னு கீழ வருது" என்றார் டெபியன் முன் இருந்த மாணவி. ஈடிசி அடைவில், விம் என்ற கோப்புறைக்குள் இருக்கும் விம்ஆர்சியைத் திறந்தோம். மவுஸை இயக்கும் வரி அங்கே இருக்கிறது. ஆனால் அதன் முன்னால் இரட்டை மேற்கோள் குறி. அதாவது வெறும் குறிப்பு, வேலை செய்யாது. பிறகு எப்படி மவுஸ் இயங்குகிறது?

விம்மிடமே கேட்பதுதான் வழி. முக்காற்புள்ளி போட்டு, வெர்போஸ் செட் மவுஸ், கடைசியில் கேள்விக்குறி. மதிப்போடு அதைக் கடைசியாக மாற்றிய கோப்பின் பெயரும் வந்தது: டிஃபால்ட்ஸ் டாட் விம். 2016இல் வெளிவந்த எட்டாம் பதிப்போடு நுழைந்த கோப்பு இது. பயனருக்கென்று விம்ஆர்சி இல்லாவிட்டால், கணினி முழுமைக்குமான கோப்புக்குப் பிறகு இது ஏறும். முன்னது சொன்னதை மாற்றியும்விடும். நிர்வாகி ஈடிசியில் மவுஸை அணைத்தாலும் பலிக்காததற்கு இதுவே காரணம். டெபியன்காரர்கள் இதை அந்த ஈடிசி கோப்பிலேயே எழுதி, தடுக்கும் வரியையும் தந்திருக்கிறார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

மேக்கில் யுஎஸ்ஆர், ஷேர், விம் என்று போனால் ஆப்பிளின் விம்ஆர்சி. மிகச் சிறியது. மோட்லைன் வசதியை அணைக்கும் வரியின் பக்கத்தில் 2007ஆம் ஆண்டின் பாதுகாப்புக் குறைபாட்டு எண் இருக்கிறது. டிஃபால்ட்ஸைத் தவிர்க்கும் வரியும் உண்டு. வண்ணத்தையும் டிஃபால்ட்ஸே இயக்குவதால், மேக்கில் வண்ணம் வராததன் காரணம் அதுதான். இந்தக் கோப்பைத் திருத்தவும் முடியாது, பூட்டிய சிஸ்டம் பகுதியில் கிடக்கிறது.

விண்டோஸில் விம்ஆர்சியின் பெயர் புள்ளிக்குப் பதில் அடிக்கோட்டில் தொடங்குகிறது. நிறுவி வைத்த அந்தக் கோப்பு மாதிரி விம்ஆர்சியை அழைக்க, அது டிஃபால்ட்ஸை அழைக்கிறது. கூடவே காப்புப் பிரதியையும் இயக்கிவிடுகிறது. நிரலின் பக்கத்தில் அலைக்குறியோடு முடியும் கோப்புகள் முளைப்பது அதனால்தான்.

மாணவியின் ஹோம் அடைவில் இரண்டே வரியில் விம்ஆர்சி எழுதினோம். முதல் வரி டிஃபால்ட்ஸை அழைப்பது. அது கட்டாயம், சொந்தக் கோப்பு வந்ததும் டிஃபால்ட்ஸ் தானாக ஏறாது, வண்ணமும் போய்விடும். இரண்டாவது வரி மவுஸை அணைப்பது. விம்மை மூடித் திறந்தார். வண்ணம் அப்படியே இருந்தது, இழுத்த வரி காப்பி ஆனது.