பவளக்காரர் விட்டுப்போன மனை

மயிலாப்பூர் சித்திரக்குளம் பக்கம் அப்பாவுக்கு மளிகைக்கடை. கல்லாப்பெட்டிக்கு அடியில் ஒரு நீல நோட்டு எப்போதும் இருக்கும். அது கடைக்கணக்கு இல்லை. திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்த எங்கள் ஊர்க்காரர்கள் மாதாமாதம் கொடுக்கும் இருபது, ஐம்பது ரூபாயின் கணக்கு. யாராவது இங்கே இறந்துபோனால் உடலை ஊருக்கு அனுப்ப அந்தப் பணம். வேன் வாடகை, ஐஸ் பெட்டி, கூடப் போகிற ரெண்டு பேருக்குச் சாப்பாடு. 600 கிலோமீட்டருக்கு மேல் பயணம். "பொழைக்கத்தான வந்தோம், இங்க கெடந்து போகவா வந்தோம்?" என்பார் அப்பா.

லாயிட்ஸ் ரோட்டுக்கு அவ்வை சண்முகம் சாலை என்று பெயர் மாறி வெகுகாலம் ஆகிவிட்டது. அங்கே யூதர்களின் சின்ன இடுகாடு ஒன்று இருக்கிறது. எத்தனையோ தடவை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். சென்னையில் யூதர்களா என்று தேடிப் படிக்க ஆரம்பித்தது முப்பது வயதுக்கு மேல்தான். அப்படித்தான் ஜாக் த பைவா என்ற பெயர் கண்ணில் பட்டது.

பைவா ஆம்ஸ்டர்டாம் யூதர், போர்த்துகீசிய வம்சாவளி. போர்த்துகலில் 1497-ல் யூதர்களைக் கட்டாய மதமாற்றம் செய்தார்கள். தப்பியவர்களின் வாரிசுகள் ஆம்ஸ்டர்டாமிலும் லண்டனிலும் போய்ச் சேர்ந்தார்கள். கோவாவில் 1560-லேயே மத விசாரணை மன்றம் வந்துவிட்டதால் அந்தப் பக்கம் அவர்கள் தலைகாட்ட முடியாது. ஆங்கிலேயரின் மதராஸ் அவர்களுக்குக் கதவு திறந்தது.

காரணம் வியாபாரம்தான். மத்தியதரைக் கடலில் எடுத்த பவளம் லண்டன் வழியாக இங்கே வரும். விற்ற காசில் கோல்கொண்டா வைரம் வாங்கி அனுப்புவார்கள். தெலுங்கு வீடுகளில் இன்றும் தாலியோடு பவளமணி கோப்பார்கள். நம் ஊரில் பவளத்துக்கு எப்போதும் கிராக்கி. ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு என்ற பெயர் இன்னும் இருக்கிறது.

பைவா 1687-ல் மதராஸில் இறந்தார். ஔரங்கசீப் கோல்கொண்டாவைப் பிடித்ததும் அதே வருஷம்தான். அடுத்த ஆண்டு மதராஸ் மாநகராட்சி தொடங்கியபோது, 12 ஆல்டர்மேன்களில் யூத வியாபாரிகளும் இருந்தார்கள். பைவாவுக்கு அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

புத்தகங்களில் அவர் பெயர் வருவது பெரும்பாலும் வேறொரு காரணத்துக்காக. அவருடைய மனைவி ஹீரோனிமா, கணவர் இறந்த பிறகு கவர்னர் எலிஹு யேலோடு வாழ்ந்தார். அந்தக் கிசுகிசுவின் ஓரத்தில் 'காலஞ்சென்ற கணவர்' என்று பைவா நிற்பார். யேல் 1718-ல் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்குச் சில மூட்டைச் சரக்கும், 417 புத்தகங்களும், ராஜா படமும் அனுப்பினார். கல்லூரிக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

பைவா செய்த தர்மம் வேறு மாதிரி. பெத்தநாயக்கன்பேட்டையில் தன் ஜனங்களுக்கு ஓர் இடுகாடு அமைத்தார். அவரையும் அங்கேதான் புதைத்தார்கள்.

முதலில் இது எனக்கு வினோதமாகப் பட்டது. கையில் வைரம் புரளும் மனிதன் செய்கிற தர்மமா இது? பிறகு நீல நோட்டு ஞாபகம் வந்தது. வந்த ஊரில் வாடகைக்கு வீடு கிடைக்கும், கடனுக்கு அரிசி கிடைக்கும். செத்தால் எங்கே என்ற கேள்விக்கு மட்டும் யாராவது ஒருவர் முன்கூட்டியே பதில் வைத்திருக்க வேண்டும். அப்பா அதற்கு வேன் பிடித்தார். ஆம்ஸ்டர்டாமுக்கு எந்த வேன் போகும்? பைவா மண் பிடித்தார். எபிரேய மொழியில் இடுகாட்டுக்கு 'வாழ்வின் வீடு' என்றொரு பெயர் உண்டாம்.

அந்த வீடும் நிலைக்கவில்லை. நகரம் வளர்ந்தபோது பழைய இடம் போயிற்று. எஞ்சிய கல்லறைக் கற்கள் இடம் மாறி மாறி, 1983-ல் லாயிட்ஸ் ரோட்டுக்கு வந்தன. செத்த பிறகும் குடிபெயர வேண்டியிருந்தது அவர்களுக்கு.

போன வருஷம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் கூப்பிட்டுச் சொன்னார்: "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா வேன் கீன்னு அலையாத. கிருஷ்ணாம்பேட்டைலயே முடிச்சிரு."

"ஊருக்கு வேணாமாப்பா?"

"அங்க யாருடா இருக்கா? நீங்கல்லாம் இங்கதான இருக்கீங்க."

ஐம்பது வருஷமாக எத்தனையோ பேரை ஊருக்கு அனுப்பிவைத்தவர், தன் பெயரை மட்டும் அந்த நோட்டிலிருந்து அடித்துக்கொண்டார். எனக்குத் தொண்டை அடைத்தது. பேச்சை மாற்ற, "அப்ப நோட்ட மூடிரலாமா?" என்றேன்.

"எதுக்கு மூடணும்?" கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒடிசாப் பையனைப் பார்த்தார். "அவன் ஊருக்கு எத்தன கிலோமீட்டர்னு போன்ல பாத்துச் சொல்லு."